கணைக்கால் முறிவில் தகடும் திருகும்

ராடு வைப்பீர்களா, பிளேட் வைப்பீர்களா? முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வந்தவரின் வீட்டார் அறுவைக்கு முன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். பக்கத்துத் தெருக்காரருக்கு ராடு வைத்தார்கள், மூன்றே மாதத்தில் நடந்துவிட்டார். மைத்துனருக்கு பிளேட் வைத்தார்கள், இரண்டாம் முறை திறக்கவேண்டி வந்தது என்று கதைகளும் கூடவே வரும். கேட்பதில் தவறில்லை. ஆனால் எலும்பு எந்த இடத்தில் முறிந்தது, எத்தனை துண்டானது, எவ்வளவு வேகத்தில் அடி விழுந்தது, மேலிருக்கும் தோல் எப்படி இருக்கிறது என்பவை தெரியாமல் இதற்கு யாரும் விடை சொல்ல முடியாது. தகடு என்று ஒரே பெயரில் நாம் அழைக்கும் பொருள் நாலைந்து வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. எந்த வேலைக்காக அது உள்ளே போகிறது என்பதில் தெளிவில்லாமல் வைத்த தகடு, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் எலும்பைச் சேர்த்துவைக்காது.

தகட்டின் வரலாறு வழக்கமாக உலோகம் வலுத்துவந்த வரலாறாகச் சொல்லப்படுகிறது. படித்துப் பார்த்தால் எனக்கு அது வேறாகத் தெரிகிறது. எலும்புக்குப் போகும் இரத்தத்தை மதிக்க அறுவை மருத்துவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்ட வரலாறு அது. தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கணைக்காலின் முன்புறம் விரலை வைத்து முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பாருங்கள். டிபியா என்னும் பெரிய எலும்பின் உட்பக்கம் முழுவதும் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. இடையில் தசை கிடையாது. பின்பக்கம் கெண்டைச் சதை, வெளிப்பக்கம் தசைகளும் ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பும். உட்பக்கம் மட்டும் திறந்த வெளி. உடலின் நீண்ட எலும்புகளில் இது அடிக்கடி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கும், தகடு வைத்த இடத்தில் தையல் பிரிந்து உலோகம் தெரிவதற்கும் காரணம் இந்த அமைப்புதான்.

இரத்த ஓட்டமும் இதே அளவுக்கு முக்கியம். எலும்பின் மேல் மூன்றில் ஒரு பங்கில், பின்புறமாக ஓர் ஊட்டத் தமனி உள்ளே நுழைந்து மஜ்ஜைக் குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. நடுவில் முறிந்தால் அந்த வழி அறுந்துபோகிறது. அதன் பிறகு கீழ்த்துண்டு பெரும்பாலும் எலும்பின் மேலுறையில் பரவியிருக்கும் சிறு நாளங்களையே நம்பியிருக்கிறது. கீழ் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித் தசையைவிடத் தசைநாண்களே அதிகம். அங்கே அந்த நாளங்களும் குறைவு. மஜ்ஜைக் குழாய்க்குள் இறங்கும் ராடு உள்வழி இரத்தத்தைக் கெடுக்கும், வெளியுறையை விட்டுவைக்கும். எலும்பைத் திறந்து மேலே பதிக்கும் தகடு உள்வழியை விட்டுவைக்கும், வெளியுறையை உரித்தெடுக்கும். ராடு, தகடு என்னும் விவாதத்தின் உயிரியல் முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கும்.

தோலுக்கு அடியில் தகடு வைத்துத் திருகால் இறுக்கும் முறையை 1886இல் ஹாம்பர்க்கில் கார்ல் ஹன்ஸ்மன் வெளியிட்டார். தகட்டின் ஒரு முனையும் திருகுகளின் தண்டுகளும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில வாரங்கள் கழித்து மீண்டும் அறுக்காமலே கழற்றிவிடலாம். கிருமி உள்ளே போக அதுவே வழியாகவும் இருந்தது. பிறகு லண்டனில் ஆர்பத்நாட் லேன், காயத்துக்குள் விரல் படாமல் கருவிகளால் மட்டுமே அறுவை செய்யும் கடுமையான ஒழுங்கைக் கொண்டுவந்தார். அவருடைய எஃகுத் தகடுகள் உடலுக்குள் துருப்பிடித்தன. ஆன்ட்வெர்ப் நகரின் அல்பன் லம்போத் பல வடிவங்களில் தகடுகள் செய்தார். எலும்பை உலோகத்தால் இணைக்கும் கலைக்கு இன்றும் வழங்கும் ‘ஆஸ்டியோசிந்தசிஸ்’ என்ற பெயர் அவர் தந்தது.

திருப்பம் பெல்ஜியத்தில் இன்னொருவரிடமிருந்து வந்தது. பிரஸ்ஸல்ஸில் இருந்த ராபர் டானிஸ் 1949இல் ஒரு நூல் வெளியிட்டார். முறிந்த முனைகளை நெருக்கி அழுத்திவைத்தால், வழக்கமாக முறிவைச் சுற்றி உருவாகும் கேலஸ் என்னும் புதிய எலும்புப் பொதி தோன்றாமலே எலும்பு நேராகச் சேர்ந்துவிடுகிறது என்று அவர் காட்டினார். சுவிட்சர்லாந்தின் இளம் மருத்துவர் மாரிஸ் முல்லர் 1950இல் அவரை நேரில் போய்ப் பார்த்தார். எட்டு ஆண்டு கழித்து, 1958 நவம்பரில் பீல் நகரில் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர், ஹான்ஸ் வில்லனெக்கர், ராபர்ட் ஷ்னைடர் உள்ளிட்ட சுவிஸ் மருத்துவர்கள் கூடி ஏஓ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ராபர்ட் மாதிஸ் என்னும் கருவி செய்பவர் அவர்களுக்குத் தகடும் திருகும் வடித்துத் தந்தார். டாவோஸ் மலையூரில் ஆய்வுக்கூடம் எழுந்தது. 1960 டிசம்பரில் அங்கேயே முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரின் எக்ஸ்ரேயையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்வது என்று அவர்கள் எடுத்த முடிவுதான், என் மதிப்பீட்டில், அவர்கள் செய்த எந்தக் கருவியையும்விடப் பெரியது. தங்கள் தவறுகளைத் தாங்களே எண்ணிப் பார்க்க அதுதான் வழி செய்தது.

அந்தத் தலைமுறையின் தொழில்நுட்பம் இரண்டு கருவிகளில் நிற்கிறது. முதலாவது லேக் ஸ்க்ரூ, அதாவது இழுத்துச் சேர்க்கும் திருகு. சாதாரணமான 4.5 மில்லிமீட்டர் திருகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முறிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் புறணியில், அதாவது எலும்பின் கெட்டியான வெளிச்சுவரில், 4.5 மில்லிமீட்டருக்கே துளையிட்டால் திருகின் புரி அங்கே பிடிக்காது, வழுக்கிப் போகும். அந்தப் பக்கம் 3.2 மில்லிமீட்டருக்குத் துளையிட்டால் புரி அங்கே மட்டும் கடிக்கும். இறுக்கும்போது திருகின் தலை இந்தத் துண்டை அழுத்த, புரி அந்தத் துண்டை இழுக்க, இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கிப் பதிகின்றன. கணுக்கால் பக்கத்தில் 3.5 மில்லிமீட்டர் திருகு போடும்போது துளைகள் 3.5, 2.5 என்று மாறும். முறுக்கிக்கொண்டு சாய்வாக முறிந்த எலும்பில் முறிவுக் கோட்டுக்குக் குத்தாகப் போட்ட ஒரு லேக் திருகு தரும் பிடிப்பை வேறெதுவும் தருவதில்லை. ஆனால் தனியாக நின்றால் அது வளைவையும் முறுக்கலையும் தாங்காது. அதைக் காக்க ஒரு தகடு வேண்டும். அப்படி வைக்கும் தகட்டின் வேலை பாதுகாப்பு மட்டுமே.

இரண்டாவது கருவி 1969இல் வந்த டிசிபி என்னும் அழுத்துத் தகடு. அதன் துளையின் ஒரு சுவர் சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வின் உயரமான ஓரத்தில் திருகைப் போட்டு இறுக்கினால், உருண்டையான திருகுத்தலை சரிந்து இறங்கும்போது தகட்டை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்த்திவிடும். குறுக்காக முறிந்த எலும்பின் இரண்டு முனைகளும் நெருங்கும். தகட்டை வைப்பதற்கு முன் நடுவில் சற்றே வளைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு நுட்பம். அப்படிச் செய்யாவிட்டால் தகட்டின் பக்கம் இறுகி, எதிர்ப்பக்கம் வாய் பிளந்து நிற்கும்.

எக்ஸ்ரேயில் இவை அழகாக இருந்தன. விலை வேறு இடத்தில் கொடுக்கப்பட்டது. பழைய தகடு எலும்பைப் பிடிப்பது உராய்வால். திருகுகள் தகட்டை எலும்பின்மேல் எவ்வளவு இறுக்கமாக அமுக்குகின்றனவோ அவ்வளவு பிடிப்பு. அப்படி அமுக்கினால் அடியில் இருக்கும் மேலுறையின் நாளங்கள் நசுங்கும். துண்டுகளைத் துல்லியமாகப் பொருத்துவதற்காக நீளமாக வெட்டித் திறந்து, ஒவ்வொரு துண்டையும் சதையிலிருந்து உரித்தால் மீதி இரத்தமும் போகும். தகட்டுக்கு அடியில் எலும்பு நாளடைவில் மெலிவதைப் பார்த்தவர்கள், சுமையைத் தகடே தாங்கிக்கொள்வதால் எலும்பு வேலையற்று மெலிகிறது என்று நெடுங்காலம் விளக்கினார்கள். டாவோஸில் ஸ்டீபன் பெரனும் அவர் குழுவும் செய்த ஆய்வுகள் அந்த விளக்கத்தைப் புரட்டின. தொடக்கத்தில் காணும் மெலிவு, தகட்டின் அழுத்தத்தால் இரத்தம் இழந்த பகுதியோடு ஒத்துப்போனது. இறந்த எலும்பை உடல் அரித்துப் புதுப்பிக்கும் வேலையே அங்கே மெலிவாகத் தெரிந்தது. இதன் விளைவாகத் தகட்டின் அடிப்புறத்தில் பள்ளங்கள் வெட்டி எலும்பைத் தொடும் பரப்பைக் குறைத்த எல்சி-டிசிபி, 1990ஐ ஒட்டி வந்தது.

பெரனின் இன்னொரு பங்களிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இன்று தவறாக வைக்கப்படும் தகடுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கை மறந்ததால் தவறாகின்றன. முறிவு இடைவெளியில் உருவாகும் திசுக்களுக்கு இழுபடும் திறன் வேறுபடும். முதலில் தோன்றும் மென்மையான குருணைத் திசு தன் நீளத்துக்குச் சமமாக, 100 விழுக்காடு இழுபட்டாலும் பிழைக்கும். குருத்தெலும்புக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு. முதிர்ந்த எலும்புக்கு 2 விழுக்காடுதான். அதற்கு மேல் அசைந்தால் அங்கே எலும்பு உருவாகாது. இந்த விழுக்காட்டைத் திரிபு என்கிறார்கள். இடைவெளி எவ்வளவு அசைகிறது என்பதை இடைவெளியின் மொத்த நீளத்தால் வகுத்தால் வருவது அது.

இப்போது இரண்டு கால்களைப் பார்ப்போம். ஒன்றில் எலும்பு ஒரே கோடாக முறிந்திருக்கிறது. மருத்துவர் 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டார். நோயாளி காலை ஊன்றும்போது அரை மில்லிமீட்டர் அசைகிறது. திரிபு 50 விழுக்காடு. எலும்பு உருவாக வாய்ப்பே இல்லை. இன்னொன்றில் எலும்பு நொறுங்கி, முறிவுப் பகுதி 25 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கிறது. அதே அரை மில்லிமீட்டர் அசைவு இங்கே பல இடைவெளிகளுக்கும் பங்கிடப்பட்டு 2 விழுக்காடாகிவிடுகிறது. பார்வைக்கு மோசமாக நொறுங்கிய கால் சேர்கிறது. ‘சின்ன கிராக்தான்’ என்று சொல்லப்பட்ட கால் சேராமல் நிற்கிறது. ஒரே கோட்டு முறிவென்றால் இடைவெளியே இல்லாமல் அழுத்திச் சேர்க்கவேண்டும், அல்லது இடைவெளியை அகலமாக, நெகிழ்வாக விடவேண்டும். நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

அசைவால் எலும்பு வளரும் என்பதை அறுவையே செய்யாமல் காட்டியவர் அகுஸ்தோ சார்மியன்தோ. மயாமியில் இருந்த அவர் 1960களில், சுவிஸ் மருத்துவர்கள் அசைவே கூடாது என்று திருகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மூடிய டிபியா முறிவுகளுக்கு முழங்காலுக்குக் கீழ் மட்டும் பொருந்தும் உறையைப் போட்டு நோயாளிகளை நடக்கவைத்தார். ஆயிரக்கணக்கில் சேர்ந்த எலும்புகள் அவருக்குச் சாட்சி. நம் பக்கத்தில் திருப்பதி மாவட்டத்துப் புத்தூர் கட்டு இன்றும் தமிழ்நாட்டு மக்களை இழுப்பதற்கும் காரணம் இதே உயிரியல்தான்: அதிகம் விலகாத, மூடிய முறிவு தானாகவே கேலஸ் போட்டுச் சேரும் இயல்புடையது. மூட்டுக்குள் ஓடிய முறிவுக்கும், தோல் கிழிந்த முறிவுக்கும் அது பொருந்தாது. இறுகக் கட்டி விரல்கள் கறுத்த பின்னரோ, துண்டுகள் கோணலாக ஒட்டிய பின்னரோ வருபவருக்கு எந்தத் தகடும் முதல் வாரத்தில் தந்திருக்கக்கூடிய பலனைத் தராது.

பெரனின் கணக்கிலிருந்து பாலத் தகடு பிறந்தது. நொறுங்கிய பகுதியைத் தொடவே கூடாது. மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை என்று நல்ல எலும்பில் மட்டும் தகட்டைப் பதித்து, நடுவில் உள்ளதைத் தாண்டிப் போகவேண்டும். நீளம், கோணம், சுழற்சி மூன்றும் சரியாக இருந்தால் போதும், நடுவிலிருக்கும் துண்டுகள் தம் சதையோடு ஒட்டியபடியே கேலஸ் போட்டுக்கொள்ளும். 1990களின் இறுதியில் ஜெர்மனியில் கிறிஸ்டியன் கிரெட்டெக்கும், அமெரிக்காவில் டேவிட் ஹெல்ஃபெட்டும் வேறு சிலரும் இதைச் சிறு வெட்டுகள் வழியாகச் செய்யும் முறையை வளர்த்தார்கள். கணுக்காலின் உட்புறப் புடைப்புக்கு மேலே சிறிதாக வெட்டி, எலும்பின் மேலுறைக்கு வெளியே ஒரு சுரங்கம் செய்து, தகட்டை மேல்நோக்கிச் செலுத்தி, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே தோலில் சிறு துளைகளிட்டுத் திருகுகளைப் போடுகிறார்கள். திறந்து வைக்கும் முறை டிபியாவின் கீழ்முனை உட்பக்கத்து நாளங்களைச் சிதைக்கும் அளவுக்கு இந்த முறை சிதைப்பதில்லை என்பதை இறந்தோர் கால்களில் சாயம் செலுத்திச் செய்த ஓர் ஆய்வு 2002இல் காட்டியது.

இதற்கும் குறைகள் உண்டு. முறிவைக் கண்ணால் பார்க்காமல் பொருத்துவதால் பாதம் சுழன்று நிற்க வாய்ப்பிருக்கிறது. எக்ஸ்ரே சுழற்சியைச் சரியாகக் காட்டாது. மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கடைசித் திருகு போகவேண்டும். உட்பக்கச் சுரங்கத்தின் வழியில் நீண்ட சஃபனஸ் சிரையும் நரம்பும் ஓடுகின்றன. வெளிப்பக்கமாக நீண்ட தகட்டைச் செலுத்தினால், பாதத்தின் மேற்பரப்புக்கு உணர்வு தரும் நரம்பு தகட்டின் கீழ்த்துளைகளுக்குப் பக்கத்தில் வரும். அங்கே தோல்துளை போதாது, திறந்து நரம்பைப் பார்த்துவிட்டே திருகவேண்டும்.

இந்தச் சூழலில்தான், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், லாக்கிங் பிளேட் என்னும் பூட்டுத் தகடு வந்தது. திருகின் தலையிலும் தகட்டின் துளையிலும் புரி உண்டு. இறுக்கினால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இனி உராய்வு தேவையில்லை. தகடு எலும்பை அமுக்கவேண்டியதில்லை. சற்று விலகியே நிற்கலாம். மேலுறைக்கு இரத்தம் போகும். முதுமையால் எலும்பு தளர்ந்தவர்களுக்கும், கணுக்காலுக்கு அருகே மிகக் குட்டையான கீழ்த்துண்டு உள்ளவர்களுக்கும் இது பெரிய வரம். பழைய திருகுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வெளியே வரும். பூட்டிய திருகுகள் எல்லாம் சேர்ந்தே விட்டுக்கொடுக்கவேண்டும். எல்சிபி என்னும் தகட்டில் ஒரே துளையின் ஒரு பாதி பழைய திருகுக்கும் மறுபாதி பூட்டுத் திருகுக்கும் அமைந்திருக்கிறது.

ஆனால் பூட்டுத் திருகு எதையும் இழுத்துச் சேர்க்காது. துண்டுகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே உறைந்துவிடும். முதலில் பூட்டிவிட்டுப் பிறகு நெருக்கலாம் என்றால் நடக்காது. நெருக்கிய பிறகே பூட்டவேண்டும். ஒரே கோட்டு முறிவில் 1 மில்லிமீட்டர் இடைவெளியோடு பூட்டுத் தகட்டை வைத்து, எல்லாத் துளைகளிலும் திருகைப் போட்டுவிட்டால், முன்பு சொன்ன அந்த ஆபத்தான நடுநிலை உருவாகிவிடும். கேலஸ் போட அசைவு போதாது. நேராகச் சேர நெருக்கம் போதாது. மாதங்கள் போகும். உலோகம் வளைந்து வளைந்து சோர்ந்து, பெரும்பாலும் முறிவுக்கு மேலே இருக்கும் துளையில் ஒடியும். தகடு ஒடிந்துவிட்டது, தரமில்லாத தகடு என்று குடும்பம் கோபப்படும். உண்மையில் சேராத எலும்பின் சுமையை எந்த உலோகமும் காலவரையறையின்றிச் சுமக்காது.

இதற்கான வழிகாட்டுதலை இமானுவேல் கோத்தியேவும் கிறிஸ்டோஃப் சொம்மரும் 2003இல் எழுதினார்கள். நொறுங்கிய முறிவென்றால் முறிவுப் பகுதியைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமான தகடு. ஒரே கோட்டு முறிவென்றால் எட்டு முதல் பத்து மடங்கு. துளைகளில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே திருகு. முறிவுக்கு மேல் இருக்கும் சில துளைகளை வெறுமனே விட்டால் வளைவு நீண்ட பகுதிக்குப் பரவும். ஒரே புள்ளியில் உலோகம் சோராது. திருகு அதிகமானால் வலு அதிகம் என்று நினைப்பது இயல்பு. இங்கே அது பொய்க்கிறது. நீளமான தகடு, குறைவான திருகு, திட்டமிட்ட இடங்கள்: இந்த மூன்றும் சரியாக அமைந்த எக்ஸ்ரேயைப் பார்த்தாலே, வைத்தவர் யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரியும்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியம் உயர்ந்தது, ஸ்டீல் தாழ்ந்தது என்று விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் பாதியை ஒட்டியது. எலும்பைவிட இரண்டுமே பல மடங்கு விறைப்பானவை. பாலத் தகட்டுக்கு டைட்டானியத்தின் நெகிழ்வு உதவலாம். சரியாகப் பொருத்திய ஸ்டீல் தகடு தவறாகப் பொருத்திய டைட்டானியத்தைவிட எப்போதும் மேல்.

தோலைப் பற்றிய பாடம் கணுக்கால் மூட்டின் கூரையில் கற்றுக்கொள்ளப்பட்டது. பிலான் முறிவு என்று அழைக்கப்படும் அந்த முறிவில் டிபியாவின் கீழ்முனை மூட்டுக்குள் நொறுங்கிப்போகிறது. 1969இல் தாமஸ் ருவெடியும் ஆல்கோவரும் நான்கு படிகளைச் சொன்னார்கள்: ஃபிபுலாவை நீளத்துக்குக் கொண்டுவருதல், மூட்டுப் பரப்பைப் பொருத்துதல், வெற்றிடத்தை எலும்புத்தூளால் நிரப்புதல், உட்பக்கம் தகட்டால் முட்டுக்கொடுத்தல். அவர்களுடைய நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு நல்ல பலன். உலகம் முழுவதும் பின்பற்றியது. வாகன விபத்திலும் உயரத்திலிருந்து விழுந்தும் வந்தவர்களுக்கு அதே முறையை உடனடியாகச் செய்தபோது தோல் இறந்தது, சீழ் வைத்தது, சிலர் காலையே இழந்தார்கள். சுவிஸ் நோயாளிகளில் பலர் பனிச்சறுக்கில் மெதுவாக முறுக்கி விழுந்தவர்கள் என்பதும், அவர்களுடைய தோல் அடி வாங்கவில்லை என்பதும் பிறகே உறைத்தது.

தீர்வு காத்திருத்தலில் கிடைத்தது. 1999இல் வெளிவந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள் சிகிச்சையை இரண்டு கட்டமாகப் பிரித்தன. முதல் நாளில் தோலுக்கு வெளியே நிற்கும் வெளிப்பொருத்திக் கம்பிகளால் கணுக்காலைத் தாண்டி இழுத்து நிறுத்துவது, வேண்டுமானால் ஃபிபுலாவை மட்டும் சரிசெய்வது. பிறகு வீக்கம் வடியும்வரை, பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு நாள், சில சமயம் அதற்கும் மேல், காத்திருப்பது. தோலில் சுருக்கம் திரும்பினால்தான் கத்தியை எடுக்கவேண்டும். ‘பணம் பறிக்க இழுத்தடிக்கிறார்கள்’ என்று உறவினர்கள் குமுறும் அந்த இரண்டு வாரங்கள் பல நேரங்களில் காலைக் காப்பாற்றும் இரண்டு வாரங்கள். இதை அவர்களுக்கு முதல் நாளே எடுத்துச் சொல்லாதது மருத்துவர்களின் குறை.

மேல்முனையில், முழங்கால் மூட்டுப் பரப்பு உடையும்போதும் இதே நியாயம்தான். டொரண்டோவின் ஜோசப் ஷாட்ஸ்கர் 1979இல் அவற்றை ஆறு வகையாகப் பிரித்தார். வெளிப்பக்கம் மட்டும் பிளந்து அமுங்கியிருந்தால் அமுங்கியதைக் கீழிருந்து தூக்கி, வரிசையாகத் திருகுகள் போட்டுத் தாங்கி, வெளியே ஒரு முட்டுத்தகடு வைத்தால் நன்றாக அமைகிறது. இரண்டு பக்கமும் உடைந்தால் இரண்டு தகடு, இரண்டு தனித்தனி வெட்டு. முன்னால் ஒரே நீள வெட்டில் இரு பக்கத்தையும் உரித்த பழைய முறை தோலுக்கு ஆகவில்லை. இரண்டு பக்கமும் உடைந்த முறிவுக்குத் தகட்டையும் வட்டவடிவ வெளிப்பொருத்தியையும் ஒப்பிட்டு, 82 நோயாளிகளிடம் நடந்த கனடிய ஆய்வு 2006இல் வந்தது. மூட்டு பொருந்திய தரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. திட்டமிடாத மறு அறுவைகள் தகட்டுக் குழுவில் அதிகம்.

இனி ராடா, தகடா என்ற கேள்விக்கு வரலாம். டிபியாவின் நடுத்தண்டு முறிவில் இன்று பெரும் விவாதமில்லை. முழங்காலுக்கு அருகே நுழைந்து, முறிவைத் தொடாமலே உள்ளே இறங்கும் ராடு அங்கே முதல் தேர்வு. மூட்டுக்குள் ஓடிய முறிவுக்குத் தகடு. சண்டை நடப்பது இடைப்பட்ட நிலத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே மூட்டுக்குள் நுழையாத முறிவில். அங்கே குழாய் அகன்றுவிடுவதால் ராடு எலும்புச் சுவரைத் தொடாமல் ஆடும், கீழ்த்துண்டு சாய்ந்து நிற்கும். 2011இல் ஹெதர் வல்லியர் குழுவினர் 104 முறிவுகளில் சீட்டுக்குலுக்கி ஒப்பிட்டபோது, 5 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட கோணல் ராடு வைத்தவர்களில் 23 விழுக்காட்டினரிடமும் தகடு வைத்தவர்களில் 8.3 விழுக்காட்டினரிடமும் இருந்தது.

கோணல் குறைந்தால் வாழ்க்கை மேம்படுமா? அதைக் கேட்ட பெரிய ஆய்வு பிரிட்டனின் ஃபிக்ஸ்-டிடி. 28 மருத்துவமனைகளில் 321 பேர். பாதிப் பேருக்கு ராடு, பாதிப் பேருக்குப் பூட்டுத் தகடு. அன்றாட வேலைகளில் உள்ள இயலாமையை 100க்கு அளந்தார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. மூன்றாம் மாதத்தில் ராடு 44.2, தகடு 52.6. ஆறாம் மாதத்தில் 29.8, 33.8, இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் வந்துவிட்டது. ஓராண்டில் 23.1, 24.0. அதாவது ராடு வைத்தவர் சீக்கிரம் எழுகிறார். ஓராண்டு முடிவில் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். 2017இல் வெளியான இந்த முடிவைத் தகட்டின் தோல்வியாகப் படிப்பவர்கள் உண்டு. தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு முதல் மூன்று மாதம் என்பது பெரிய விஷயம்தான்; அவருக்கு ராடு பொருந்துமானால் அதையே வைக்கவேண்டும் என்பேன். ஆனால் ராடு வைத்தவர்களுக்கு முழங்காலின் முன்பக்கம் வலிப்பது பரவலாகக் காணப்படும் தொல்லை. தரையில் சம்மணமிட்டு உட்காரமுடிகிறதா, மண்டியிடமுடிகிறதா என்ற கேள்விகள் அந்த பிரிட்டிஷ் அளவுகோலில் இல்லை. நம் ஊரில் அவையும் அன்றாட வேலைகள்தான்.

தோல் கிழிந்த முறிவில் தகடும் திருகும் இரண்டாம்பட்சம். சதைப் போர்வையே முதல். ஸ்லோவேனியாவின் மார்கோ கோதினா 532 பேரிடம் செய்த சதை மாற்றுகளை வைத்து, அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் காயத்தை நல்ல சதையால் மூடினால் தொற்றும் தோல்வியும் வெகுவாகக் குறைகின்றன என்று 1986இல் காட்டினார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் ராஜசேகரனும் ஒட்டறுவை மருத்துவர் ராஜ சபாபதியும் இரண்டு துறைகளையும் முதல் மணியிலிருந்தே ஒரே மேசைக்குக் கொண்டுவந்து இந்தச் சிந்தனையை வளர்த்தார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பெண் முறை தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றையும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு, சர்க்கரை நோய், தாமதம் போன்ற காரணங்களுக்கு இரண்டிரண்டு புள்ளி கூட்டுகிறது. 14க்குள் இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17ஐத் தொட்டால் அகற்றுவதே நோயாளிக்கு நல்லது. இடையில் அனுபவம்தான் முடிவு செய்யும். எலும்பைப்போலவே தோலுக்கும் சதைக்கும் சம மதிப்பெண் தந்ததில்தான் இதன் பலம். இந்தியச் சாலைகளில் நசுங்கிய கால்களைப் பார்த்தே உருவான கணக்கு என்பதால், உலகப் பாடநூல்களிலும் இது இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமை.

தகட்டைப் பொருத்திய பிறகும் அவசரப்படக்கூடாது. 1,226 டிபியா முறிவுகளைப் பார்த்த ஸ்பிரிண்ட் என்ற பன்னாட்டு ஆய்வில், எலும்பு சேரவில்லை என்பதற்காக ஆறு மாதத்துக்குள் மறுபடி அறுக்கக்கூடாது என்று விதித்திருந்தார்கள். சேராததற்காக ராட்டை மாற்றவோ எலும்பு வைக்கவோ வேண்டியிருந்தவர்கள் 4.6 விழுக்காட்டினர் மட்டுமே. அந்த ஆய்வு ராடுகளைப் பற்றியது. அதன் பாடம் தகட்டுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். நோயாளி செய்யக்கூடிய ஒன்றும் உண்டு: புகை பிடிப்பதை நிறுத்துவது. சேராமல் நிற்கும் டிபியாக்களின் வரலாற்றில் பீடி, சிகரெட் திரும்பத் திரும்ப வருகிறது.

கடைசியாகக் கழற்றும் வேலை. கணைக்காலின் உட்பக்கத்தில் தசையில்லாததால் தகடு தோலுக்கு அடியில் உறுத்தும். செருப்பு வாரோ ஷூவின் விளிம்போ உரசும். அதனால் கழற்றக் கேட்பவர்கள் இங்கே அதிகம். எலும்பு முழுதாகச் சேர்ந்து, பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கழிந்த பிறகே கழற்றுகிறார்கள். டைட்டானியப் பூட்டுத் திருகுகள் தகட்டோடு ஒன்றாகப் பற்றிக்கொண்டு சுழல மறுக்கும். திருகுளி வழுக்கித் தலையின் பள்ளம் தேய்ந்துவிட்டால் உலோகத்தைத் துளைத்தே எடுக்கவேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுத்தலையும் ஒவ்வொரு வடிவம், ஒவ்வோர் அளவு. வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் கழற்றப் போகும்போது எந்தத் திருகுளி தேவை என்று யாருக்கும் தெரிவதில்லை. திறந்த பிறகுதான் பார்க்கிறார்கள். ஆகவே அறுவை முடிந்து வீடு திரும்பும்போது தரப்படும் காகிதத்தில் தகட்டின் நிறுவனம், உலோகம், துளைகளின் எண்ணிக்கை, திருகுத்தலையின் வடிவம், அளவு ஆகிய அனைத்தும் எழுதப்பட்டிருக்கவேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டையே அதில் ஒட்டிக் கொடுத்துவிடலாம். வீட்டார் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும். கழற்றிய பிறகு திருகுகள் இருந்த துளைகள் எலும்பால் நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஓட்டமும் குதிப்பும் கபடியும் வேண்டாம்.